நைல் கரையில் ஒரு தமிழ்ப் பெயர்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடியேறி வாழ்பவர்க்கு, விடுமுறை என்றாலே சொந்த ஊருக்குச் சென்று வருவது என்றுதான் பொருள். முதியோரைக் கண்டு வணங்குவதும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவதும், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பெருக்கி மீண்டும் பூட்டிவிட்டுத் திரும்புவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. அவ்வழக்கத்தினின்று ஒருமுறை மாறி, நம் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது குடும்பத்தார் ஒன்றுகூடி, 2025-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எகிப்து நாட்டுக்குச் சென்று வந்தோம். சிறுவர் எழுவர் உட்பட முப்பத்தொருவர் அடங்கிய குழு. உடன் வர வழிகாட்டி ஒருவர். நைல் ஆற்றில் மூன்று இரவுகள் கப்பற் பயணம்.

பிரமிடுகளின் அளவையும் அரசர்களின் ஆட்சியாண்டுகளையும் கூறும் நூல்கள் தமிழிலேயே பல உள. அவற்றை இங்கு நாம் மீண்டும் உரைக்கப் புகவில்லை. அந்நாட்டைக் காணச் சென்றோரின் வரலாறு ஒன்று தனியே உண்டு. அது பிரமிடுகளைப் போலவே பழமையானது. அவ்வரலாற்றின் ஒரு மூலையில் நம்மவர் ஒருவரும் நிற்கின்றார். அவர் நின்ற இடத்தில் நின்றும் அவரை அறியாமலே நாம் திரும்பினோம். அக்குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பண்டைய காட்சியாளர்

சுற்றுலா என்பது புதுக்காலத்துப் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் நிற்கும் படிப்பிரமிடு அவ்வெண்ணத்தை மாற்றிவிடும். சோசர் என்னும் அரசனுக்காகக் கி.மு. 27-ஆம் நூற்றாண்டளவில் எழுப்பப்பெற்றது அது. அதனைச் சார்ந்த கட்டடம் ஒன்றின் சுவரில், ஹத்நக்த் என்னும் கருவூல எழுத்தர் ஒருவர் மையால் எழுதிய குறிப்பொன்று இன்றும் உள்ளது. தம் உடன்பிறந்தாருடன் உலாவி மகிழ்வதற்காக அவ்விடம் வந்ததாகவும், நீண்ட வாழ்நாளை அருளுமாறு கடவுளரை வேண்டுவதாகவும் அவர் அதில் எழுதியுள்ளார். இரண்டாம் இராம்சேஸ் மன்னனின் 47-ஆம் ஆட்சியாண்டு என்று நாளும் குறித்துள்ளார். அது கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. அவர் வந்தபோதே அப்பிரமிடுக்கு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வயது. நமக்குப் பழம்பொருளாகத் தோன்றும் அம்மனிதர், தமக்குப் பழம்பொருளாகத் தோன்றியதைக் காண வந்தவர் என்று அறியும்போது நம் உள்ளம் ஒரு கணம் திகைக்கின்றது.

நாட்டின் தென்கோடியிலுள்ள அபு சிம்பல் கோயிலின் முகப்பில், இருபது மீட்டர் உயரமுடைய அமர்ந்த உருவங்கள் நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்றன் காலில், கி.மு. 593 அளவில் இரண்டாம் சாமெதிக்கஸ் மன்னனின் தென்திசைப் படையெடுப்பிற் கலந்துகொண்ட கிரேக்கக் கூலிப்படையினர் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். வாளேந்தி வந்தவர்க்கும் தம் பெயரைக் கல்லில் விட்டுச் செல்லும் ஆசை இருந்திருக்கிறது.

ஆற்றின் மேல்

எகிப்தில் நைல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றது; காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசுகின்றது. ஆகவே தெற்கே செல்வோர் பாய் விரித்தனர். வடக்கே செல்வோர் பாயைச் சுருட்டி நீரோட்டத்தோடு மிதந்தனர். பண்டை எகிப்தியர் தம் சித்திர எழுத்திலும், தெற்கே செல்லுதலைப் பாய் விரித்த படகாலும், வடக்கே செல்லுதலைப் பாயில்லாப் படகாலும் குறித்தனர். இயற்கை அமைத்துக் கொடுத்த இவ்விருவழிப் பாதையே அந்நாட்டை ஒரு நாடாகப் பிணைத்து வைத்தது.

இன்றைய குழுப் பயணத்துக்கு வித்திட்டவர் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக 1841-ஆம் ஆண்டு லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குத் தனிப் புகைவண்டி அமர்த்தி மக்களை அழைத்துச் சென்றவர் அவர். சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்ற 1869-ஆம் ஆண்டிலேயே நைல் ஆற்றில் நீராவிக் கப்பல்களை அமர்த்தித் தம் முதற் குழுவை எகிப்துக்கு அழைத்துச் சென்றார். கட்டணம் முன்னரே செலுத்தல், உணவும் உறைவிடமும் ஒழுங்கு செய்யப்பெறல், குறித்த நாளில் குறித்த கோயில் என்னும் முறை அவர் காலத்தில் அவ்வாற்றில் வேரூன்றியது. அவர் தொடங்கிய நிறுவனம் 2019-இல் நொடித்து மூடப்பட்டது. அவர் வகுத்த முறை இன்றும் நைலில் மிதந்துகொண்டிருக்கின்றது.

அக்குழுப் பயணிகளைச் சற்று எள்ளலோடு நோக்கியவர் அமேலியா எட்வர்ட்ஸ் என்னும் எழுத்தாளர். 1873-74-ஆம் ஆண்டுகளில் வாடகைப் பாய்க்கலம் ஒன்றில் நைலின் மேல் ஆயிரம் மைல் சென்று, அதனை நூலாக எழுதி, 1882-இல் எகிப்தியத் தொல்லாய்வுக்கென ஓர் அமைப்பு தோன்றவும் காரணமானவர். அபு சிம்பலில் இராம்சேஸின் முகத்தைச் சுண்ணச்சாந்தால் முன்னர் அச்செடுத்தவர்கள் வெண்திட்டுகளை விட்டுச் சென்றிருந்தனர். அவற்றைத் துடைத்து, எஞ்சியவற்றின் மேல் காப்பி நீர் பூசிக் கல்லின் நிறம் வரச் செய்தனர் இவருடைய படகோட்டிகள். சுவர்களிற் பெயர் பொறிக்கும் பயணிகளைக் கடிந்துரைத்த இவ்வம்மையாரின் குழுவினரே, தாம் கண்டறிந்த சிறு கோயிலொன்றின் வாயிலில் தம் பெயர்களை எழுதிவிட்டு வந்தனர்! பெயரெழுதும் ஆசை யாரையும் விட்டதில்லை.

நம் கப்பலில் இருந்த கடையொன்றில், பெயரைச் சித்திர எழுத்தில் பொறித்துத் தரும் வெள்ளிப் பதக்கங்கள் விற்பனைக்கு இருந்தன. நம் குழுவைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் பெயர் பொறித்த பதக்கத்தை வாங்கி, கழுகு, நீரலை, நாணல் என ஒவ்வோர் எழுத்தையும் சுட்டிப் படித்துக் காட்டினான். அனைவரும் மகிழ்ந்தோம். அப்போது முதியவர் ஒருவர், “தம்பி, இதையே தமிழில் எழுது, பார்க்கலாம்” என்றார். அவன் நாணித் தலைகுனிந்தான். அவன் தந்தையும் அவனோடு தலைகுனிந்தார். அங்கிருந்த எழுவரில் தம் பெயரைத் தமிழில் எழுத வல்லார் இருவரே.

எழுத்து அவிந்த தீவு

கப்பலேறுவதற்கு முன் அஸ்வானில் பிலே கோயிலைக் கண்டிருந்தோம். ஐசிஸ் தேவிக்கு உரிய அக்கோயிலின் சுவரில், கி.பி. 394-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், எஸ்மெத்-அகோம் என்னும் பூசகர் ஒரு கல்வெட்டைப் பொறித்தார். நாள் அறியப்பெற்ற சித்திர எழுத்துக் கல்வெட்டுகளுள் அதுவே இறுதியானது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிய எழுத்து அச்சுவரில் முற்றுப்பெற்றது. ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் காலத்தில் கோயிலும் அடைக்கப்பட்டது.

அதன்பின் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அந்நாட்டுச் சுவர்கள் எல்லாம் எழுத்தோடு நின்றன, படிப்பார் இலர். 1822-ஆம் ஆண்டு ஷாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வெழுத்தின் பொருளை விடுவித்தார். ரொசெட்டாக் கல் அவருக்குத் துணைநின்றது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். கல்லுக்கு நிகராக அவருக்குத் துணைநின்றது காப்டிக் மொழி. பண்டை எகிப்திய மொழியின் கடைசிக் கிளையாகிய அதனை, அன்றாடப் பேச்சில் அரபு பரவிய பின்னரும், எகிப்தியக் கிறித்தவர் தம் வழிபாட்டில் விடாது ஓதி வந்தனர். அம்மொழியை அவர் முயன்று கற்றிருந்தார். ஒரு சிறு கூட்டத்தார் பொருள் மங்கிய நிலையிலும் தம் பழமொழியை நாவினின்று விடாமையால், ஒரு நாகரிகத்தின் வாய் மீண்டும் திறந்தது. இச்செய்தி நம்போன்ற புலம்பெயர்ந்தோர் நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

நீருள் மூழ்கிய ஊர்கள்

நாம் கண்ட பிலே கோயில், கட்டப்பெற்ற இடத்தில் இல்லை. 1902-இல் அஸ்வானில் முதல் அணை முடிவுற்றதும் கோயில் ஆண்டின் பெரும்பகுதி நீரில் நின்றது. 1960-இல் தொடங்கி 1970-இல் நிறைவுற்ற உயர் அணையோ, தெற்கே ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் நீளமுடைய ஏரியைத் தோற்றுவித்தது. யுனெஸ்கோ நிறுவனம் 1960 மார்ச்சில் உலக நாடுகளை உதவிக்கு அழைத்தது. அபு சிம்பல் கோயில்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுக்கப்பெற்று, 1964 முதல் 1968 வரை, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அடுக்கப்பெற்றன. பிலே கோயில் 1972-க்கும் 1980-க்கும் இடையில் அகில்கியா என்னும் அண்டைத் தீவுக்கு மாற்றப்பெற்றது. நம் நாடும் அப்பணியிற் பங்குகொண்டது: 1961-62-இல் பி. பி. லால் தலைமையில் சென்ற இந்தியத் தொல்லியல் குழு, அஃபியே என்னும் இடத்தில் அகழாய்வு செய்தது. அங்குக் கண்ட கருப்பு-சிவப்புப் பானைகளைத் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளோடு லால் ஒப்பிட்டு எழுதினார்.

கற்கோயில்கள் மேலேறின, மக்கள் இடம்பெயர்ந்தனர். நூபியர் என்னும் அம்மக்களில் எகிப்துப் பகுதியைச் சார்ந்த ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் 1963-64-இல் கோம் ஓம்போவை அடுத்த புதுக்குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சூடான் பகுதியினரும் அதே அளவில் வேறிடம் சென்றனர். ஆற்றங்கரையிலேயே வாழ்ந்து பழகியவர்க்கு ஆறு கண்ணுக்கு எட்டாத தொலைவாயிற்று. நம் கப்பல் கோம் ஓம்போவில் நின்றபோது, முதலைக் கடவுளின் கோயிலைக் காட்டிய வழிகாட்டி, கிழக்கே கை நீட்டி, “அங்கேதான் அவர்களுடைய ஊர்கள்” என்றார். தம் புதிய ஊர்களுக்கு மூழ்கிப்போன ஊர்களின் பெயர்களையே அவர்கள் இட்டுக்கொண்டார்கள் என்றும் கூறினார்.

நூபிய ஆடவர் அணைகளுக்கு முன்பிருந்தே கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் சமையற்காரராகவும் வாயிற்காவலராகவும் பணியாற்றி ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். அந்நகரங்களில் அவர்கள் ஊர்வாரியாகச் சங்கங்கள் அமைத்து, நல்லது கெட்டதுக்கு ஒன்றுகூடினர். இதனைக் கேட்டபோது நம் குழுவினர் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டோம். அரபு சூழ்ந்த நாட்டில் நூபிய மொழி வீட்டிலும் பாட்டிலும் வாழ்ந்து வருகின்றது. கோயிலை அறுத்துப் பாளமாக்கி எண்ணிட்டு மீண்டும் அடுக்கப் பொறியாளர் உளர். மொழியை அவ்வாறு எடுத்து வைப்பார் ஒருவரும் இலர். அது தாயின் வாயிலிருந்து பிள்ளையின் வாய்க்கு ஒவ்வொரு தலைமுறையும் சென்றாக வேண்டும்.

அரசர் பள்ளத்தாக்கு

ஏட்ஃபூவிலுள்ள ஹோரஸ் கோயிலைக் கண்டு, எஸ்னா மடைவாயிலில் நெடுநேரம் காத்திருந்து, லக்சோரை அடைந்தோம். பழைய தீப்ஸ் நகரம் இதுவே. மேற்குக் கரையில் மூன்றாம் அமன்ஹோதெப்பின் பேருருவங்கள் இரண்டு, ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்தில் வயல் நடுவே அமர்ந்திருக்கின்றன. நிலநடுக்கத்தால் உடைந்த வடபுற உருவம் விடியற்பொழுதில் ஒலி எழுப்பியதாம். அதனை மெம்னான் என்னும் வீரனின் குரல் எனக் கருதிய கிரேக்கரும் ரோமரும் திரள்திரளாக வந்தனர். கி.பி. 130-இல் பேரரசன் ஹாட்ரியன் தன் துணைவி சபீனாவோடு வந்தான். உடன்வந்த ஜூலியா பல்பில்லா என்னும் பெண்பாற் புலவரின் செய்யுட்கள் உருவத்தின் காலில் இன்றும் உள்ளன. அவ்விரு கால்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட பொறிப்புகள் உண்டு. பின்னர் உருவம் செப்பனிடப்பட்டது, குரலும் அடங்கியது.

அரசர் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைக் குகைகளுக்கும் அக்காலத்தவர் அவ்வாறே வந்தனர். அங்குள்ள கிரேக்க, இலத்தீன் பொறிப்புகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஜூல் பாயே என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றைத் தொகுத்து 1926-இல் வெளியிட்டு முடித்தார். குகையின் சாய்வான நடைவழியில் நாம் இறங்கியபோது, சுவரோவியங்களின் இடையே கீறப்பட்டிருந்த எழுத்துகளை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். “எல்லாம் கிரேக்கம்” என்றார். நாமும் தலையசைத்துவிட்டு மேற்கூரையின் ஓவியத்தை அண்ணாந்து பார்த்தோம். பின்னால் வந்தோர் நெருக்கியதால் மேலும் நிற்க இயலவில்லை.

எல்லாம் கிரேக்கம் அல்ல என்பதை ஊர் திரும்பிய பின்னரே அறிந்தோம். 2026 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டில், பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியைச் சார்ந்த சார்லோட் ஷ்மிட், லோசான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இங்கோ ஸ்ட்ராவுக் ஆகிய இருவரும் தம் ஆய்வை வெளியிட்டனர். அப்பள்ளத்தாக்கின் ஆறு கல்லறைகளில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தியப் பொறிப்புகள் ஏறத்தாழ முப்பது உள்ளன. பிராகிருதமும் வடமொழியும் அவற்றுள் உண்டெனினும், தமிழ்-பிராமிப் பொறிப்புகளே மிகுதி. அவற்றுள் சிகை கொற்றன் என்னும் பெயர் மட்டும் ஐந்து கல்லறைகளில் எட்டு முறை காணப்படுகின்றது.

கொற்றன் வந்த வழி

கொற்றன் என்பது சங்க காலத்தார்க்கு நன்கு பழகிய பெயர். புறநானூறு பாடும் வள்ளல்களுள் பிட்டங்கொற்றன் ஒருவன். குறுந்தொகைப் புலவருள் செல்லூர்க் கொற்றன் ஒருவர். கொற்றம் என்னும் சொல் வெற்றியையும் அரசாட்சியையும் குறிக்கும். இப்பெயருடையார் ஒருவர் தீப்ஸ் நகரத்துக் குகையினுள் எவ்வாறு வந்தார்?

வாணிகம் அவரைக் கொணர்ந்திருத்தல் வேண்டும். செங்கடற்கரையில் மையோஸ் ஹார்மோஸ், பெரனீகே என்னும் இரு துறைமுகங்கள் இருந்தன. மையோஸ் ஹார்மோசிலிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்ட்ராபோ எழுதியுள்ளார். பருவக்காற்றின் துணையால் முசிறி முதலிய துறைகளிலிருந்து வந்த மிளகும் தந்தமும் துணியும் அங்கு இறங்கின. பெரனீகேயின் கோயிலொன்றில், இந்தியாவில் வனைந்த சால் ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்துள்ளது. கண்ணன், சாதன் என்னும் பெயர்களும், ‘பானை ஒறி’ என்னும் தொடரும் தமிழ்-பிராமியில் கீறப்பட்ட பானை ஓடுகள் மையோஸ் ஹார்மோஸ் இருந்த குசைர் அல்-காதிமில் கிடைத்தன. ஒறி என்பது நம் வீடுகளில் தொங்கிய உறியே என்று ஐராவதம் மகாதேவன் விளக்கினார்.

அத்துறைகளில் இறங்கிய சரக்கு ஒட்டகங்களின் மேல் பாலைவனத்தைக் கடந்து, நைல் கரையிலுள்ள கோப்டோஸ் நகரை அடைந்து, அங்கிருந்து படகுகளில் அலெக்சாந்திரியாவுக்குச் சென்றது. கோப்டோசிலிருந்து தீப்ஸ் ஆற்றுவழியில் தொலைவன்று. காற்றுத் திரும்பும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வணிகர், ஊரார் வியந்து பேசும் குகைகளைக் காணச் சென்றது இயல்பே. கிரேக்கர் தம் பெயர்களை எழுதியிருப்பதைக் கண்டு கொற்றனும் எழுதினார். ஒருமுறை எழுதி அமையாது எட்டு முறை எழுதினார். தம் ஊரையும் மக்களையும் விட்டுக் கடல் கடந்து நெடுங்காலம் தங்கியவர், தம் மொழி அறிந்தார் மிகச் சிலரே இருந்த இடத்தில், கிரேக்கத்தில் எழுதாமல் தம் எழுத்தில் எழுதினார். அவ்வெழுத்தைப் படிக்கப் பின்னொருவர் வருவார் என்று அவர் நம்பினாரோ என்னவோ!

இன்று அச்சுவர்களில் எழுதுவது குற்றம், எழுதவும் கூடாது. 2013-இல் லக்சோர்க் கோயிலில் அயல்நாட்டுச் சிறுவன் ஒருவன் தன் பெயரைக் கீறியதை உலகமே கண்டித்தது. கொற்றன் செய்ததை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. கொற்றன் எழுதியதைப் படிக்கக் கற்றால் போதும்.

படிப்பார் உளரேல்

தமிழ்-பிராமியும் ஒரு காலத்தில் நமக்கே புரியாத எழுத்தாய் இருந்தது. மதுரையை அடுத்த மாங்குளத்தில் 1882-இல் அக்கல்வெட்டுகள் கண்டறியப்பட்டும், அவற்றின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ழ, ள, ற, ன என்னும் எழுத்துகள் அதற்குச் சான்றாயின. வட இந்தியப் பிராமிக்கு வேண்டாத அவ்வெழுத்துகளைத் தமிழர் தம் ஒலிக்கென ஆக்கிக்கொண்டனர். கொற்றன் என்னும் பெயரிலேயே அவற்றுள் இரண்டு உள்ளன. எழுத்து மாறினும் மொழி அறுபடாமையால், அவர் பெயரை எழுத்துக் கூட்டியதும் பொருள் விளங்குகின்றது. பிலே கோயிற் பூசகரின் மொழிக்கு வாய்க்காத பேறு இது.

இப்பேறு தானே நிலைப்பதன்று. நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடைபெறுகின்றது. பதிவேட்டில் பெயர்கள் பல, வருவோர் சிலர். பள்ளிப் பாடம், தேர்வு, விளையாட்டு எனப் பெற்றோர் கூறும் காரணங்கள் பொய்யானவை அல்ல. நாமும் நம் வீட்டில் அவற்றையே கூறியிருக்கிறோம். ஆயினும், ஆயிரக்கணக்கான மைல் தொலைவு சென்று அந்நியர் சுவரை அண்ணாந்து பார்த்து நின்ற நாம், அங்கே நம் எழுத்து இருந்தும் அறியாது வந்தோம் என்னும் எண்ணம் நெஞ்சை உறுத்துகின்றது. வழிகாட்டிக்குத் தெரியாததில் குற்றமில்லை. நம்மிலும் ஒருவரேனும் ஐயுற்றுக் கேட்கவில்லையே!

மாநாட்டுச் செய்தி வந்த அடுத்த ஞாயிறன்று, வகுப்பின் கரும்பலகையில் கொற்றன் என்னும் பெயரைத் தமிழ்-பிராமியில் ஒரு வரியாகவும், இன்றைய எழுத்தில் மறுவரியாகவும் எழுதி வைத்தோம். நைலுக்கு வந்த எழுவரில் ஐவர் வந்திருந்தனர். வெள்ளிப் பதக்கம் அணிந்த அச்சிறுவன் இரண்டு வரிகளையும் நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்து, ற எங்கே, ன எங்கே என்று கேட்டறிந்தான். பின்னர் சுண்ணக்கட்டியை வாங்கி, கொற்றனின் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினான். ஓரெழுத்து பிழையாயிற்று. அழித்துவிட்டு மீண்டும் எழுதினான்.